கிராணி செய்த பேய்

ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி செல்லையா, மலேசியாவையே நடுங்க வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். முதலில் சிலாங்கூர் நடுங்கும். அடுத்து கோலாலம்பூர். கையில் டுயிட், அதாவது காசு, சேர்ந்தால் ஜப்பானையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

நடுக்கத்துக்கான சாமான் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர். இரண்டு வாழைக்காய் வைக்கிற தட்டு அளவுதான் இருந்தது. அதற்குச் சொந்தமாகத் திரை கிடையாது; டிவியில்தான் செருக வேண்டும். சொந்தமாக ஞாபகமும் கிடையாது. சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். கரண்டு போனால் பெற்ற தாயைக்கூட மறந்துவிடும். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு டிவி. அன்று சாயங்காலமே அது கூடத்திலிருந்து பின்னறைக்குக் குடி பெயர்ந்தது.

"எப்பத் திரும்பி வரும்?" என்று கேட்டாள் கங்கா. கங்கா அவருடைய மனைவி. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கதவோரம் நிற்கிறவள்.

"ரெண்டே வாரம் லா."

அது நடந்து பதினெட்டு மாதம் ஆயிற்று.

செல்லையா செய்துகொண்டிருந்தது ஒரு விளையாட்டு. பேய் விளையாட்டு. ஊரில் இருக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலெல்லாம் டுமீல் டுமீல் என்று சுடுகிறார்களே, அந்தக் கதையே இதில் கிடையாது. ஆடுகிறவன் கையில் துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை, விளக்குமாறுகூட இல்லை. ஒரு டார்ச் லைட் மட்டும். அதற்கும் பேட்டரி தீர்ந்துகொண்டே வரும். ஓடலாம், ஒளியலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்கலாம். விடியும்வரை உயிரோடு இருந்தால் ஜெயித்தான். இதையெல்லாம் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து செல்லையா கைகால் ஆட்டி விளக்கினார்.

"அதத்தான நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பண்ணிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள் கங்கா.

கதையும் அவரே கட்டியதுதான். ஒரு தோட்டத்தில் ஒரு கிராணி வீடு. ஒருநாள் சாயங்காலம் கிராணி வெளியே போனவர் திரும்பவில்லை. காத்துக் காத்து அவர் மனைவி செத்துப்போனாள். செத்தும் காத்திருக்கிறாள். வீட்டுக்குள் நடமாடிக்கொண்டே இருப்பாள். வழி தவறி அந்த வீட்டில் அகப்பட்டவன் அவள் கையில் படாமல் இரண்டு பேட்டரியும் ஒரு சாவியும் தேடி எடுக்க வேண்டும். எடுத்து வாசல் கேட்டுக்கு வந்தால், பேய் எதிரில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்கும். நான் யாருக்காகக் காத்திருக்கிறேன், பெயரைச் சொல். ஒரு நிமிடத்துக்குள் காணாமல்போன கிராணியின் பெயரைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கதை முடிந்தது. பெயர் முன்னறையில் இருக்கும், ஆள் கணக்கு எழுதுகிற பழைய செக்ரோல் புத்தகத்தில் எழுதியிருக்கும். கண்ணுள்ளவன் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கிராணிக்கு என்ன பெயர் வைப்பது என்று செல்லையா மூன்று இரவு யோசித்தார். கடைசியில் அந்த இடத்துக்குப் பொருத்தமான பெயர் உலகத்தில் ஒன்றுதான் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. செல்லையா என்று வைத்தார்.

கோல சிலாங்கூரில் நாகூர் மீரான் சாப்பாட்டுக் கடைச் சுவரில் கையால் எழுதிய போஸ்டரும் ஏறிவிட்டது. 'விடியும்வரை. உருவாக்கம்: செல்லையா. விரைவில் வருகிறது.' ஒட்டியபோது வெள்ளைத் தாள். இப்போது மீன்கறிக் குழம்பு தெறித்துத் தெறித்து, விரைவில் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது.

சரி, ஒரு மனிதன் விளையாட்டு செய்கிறான், செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். விஷயம் அதோடு நிற்கவில்லை. செல்லையா வேலையை விடப்போகிறார். ராஜினாமாக் கடிதம் தயார். ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே, துரை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அடித்துவிட்டார். கிள்ளான் கடைக்காரர் லிம் விளையாட்டை எடுத்துக்கொண்டால் திங்கட்கிழமை கடிதம் துரை மேசைக்குப் போகும்.

கிராணி வேலை போனால் கிராணி வீடும் போகும். அதுதான் தோட்டத்துச் சட்டம். கங்கா நட்ட முருங்கை போகும். அவள் கட்டிய கோழிக்கூடு போகும். இருபது வருஷம் குடியிருந்த வீட்டை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இது கங்காவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது. விளையாட்டு ஜெயித்த பிறகு நிதானமாக, கிள்ளானில் புது வீட்டு வாசலில் நிற்க வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று செல்லையா திட்டம் போட்டிருந்தார். கடிதத்தை எங்கே ஒளிப்பது என்பதிலும் அவருக்குச் சிரமம் இல்லை. ஒளிப்பதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம் இருந்தது.

லிம் பொல்லாத மனிதர். போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். இதுவரை இந்த விளையாட்டைத் தொடாத ஒரு ஆளை என் கண்ணெதிரில் உட்கார வை. அந்த ஆள் பயந்து எழுந்து ஓட வேண்டும், அல்லது பேயிடம் அகப்பட்டுத் தோற்க வேண்டும். உட்கார்ந்த முதல் தடவையே ஒருவன் முடித்துவிட்டால் அது விளையாட்டே இல்லை. இன்று வாங்குகிறவன் நாளைக்குக் கொண்டுவந்து திருப்பித் தருவான்.

ஆகவே தோற்பதற்கு ஒரு ஆள் வேண்டும். செல்லையா பக்கத்து வீட்டு நடராஜாவைப் பிடித்தார். நடராஜா லோரி ஓட்டுகிறவர். ஆறடி உயரம். மீசை மட்டும் அரை கிலோ இருக்கும். ஆனால் கம்போங் குவாந்தானில் படகில் மின்மினி பார்க்கப் போனபோது, மரம் கண்ணடிக்கிறது என்று அலறி ஆற்றில் குதித்தவர். இவரைவிட உத்தமமான பயந்தாங்கொள்ளி வட சிலாங்கூரிலேயே கிடைக்கமாட்டான். நடராஜாவும் சம்மதித்தார். பெருமையாக இருந்திருக்கும் போல. சம்மதித்த கையோடு மனைவி நல்லம்மாளிடம் சொன்னார். நல்லம்மாளிடம் சொன்னால் வேலியிடம் சொன்ன மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் கங்காவின் கோழிக்கூடு.

இன்னொரு தடையும் இருந்தது. தோட்டத்தில் கரண்டு இஞ்சின் கொட்டகையிலிருந்து வந்தது. இஞ்சின் ஓடினால் வெளிச்சம், நின்றால் மண்ணெண்ணெய். ஞாயிறு பகலில் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை ஓடும். நாலு அடித்தால் நின்றுவிடும்; சுல்தானே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். கேசட்டிலிருந்து விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏற முக்கால் மணி நேரம். ஆடி முடிக்க ஒரு மணி நேரம். லிம் இரண்டு மணிக்கு வருகிறார். கணக்கு நூலிழையில் நின்றது.

ஞாயிறு ஒன்றே முக்காலுக்கு நடராஜாவைக் காணோம்.

செல்லையா வேலியோரம் ஓடினார். நல்லம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் காலையிலேயே சபாக்குக்குப் போய்விட்டார் என்றாள். யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்களாம். மனுசன் தட்டமுடியாமல் போய்விட்டாராம். யார் சொன்னது என்று செல்லையா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குள் லிம்முடைய கார் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

லிம் மெலிந்த மனிதர். கையில் சின்ன நோட்டுப் புத்தகம். நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, ஆடப்போகிற ஆள் எங்கே என்று மலாயில் கேட்டார். செல்லையா தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் பார்த்தார். ஞாயிறு மத்தியானம். பாதிப் பேர் தூக்கத்தில், பாதிப் பேர் கள்ளுக்கடையில். பின்னறைக்குள் கேசட் ஏற ஆரம்பித்திருந்தது. பத்துப் பூனைகளை ஒரே பானைக்குள் போட்டு மூடிய மாதிரி சத்தம்.

அப்போதுதான் கங்கா வந்தாள். கையில் பெரிய தட்டு. தட்டு நிறைய நெத்திலிக் கருவாடு.

"நான் வேணா உக்காரட்டுமாங்க?"

செல்லையா அவளைப் பார்த்தார். அந்த நொடியில் அவர் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அது என்ன விளக்கு என்று தெரிந்துகொள்ள கங்காவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

கங்கா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தக் கால வளர்ப்பு. சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் நல்லம்மாளைச் சொல்லச் சொல்வாள். ஒருமுறை தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூன்று தரம் கேட்டாள், உன் புருஷன் பெயர் என்ன என்று. கங்கா வாய் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லையாவை விரலால் காட்டினாள். நர்ஸ் அவரைப் படுக்க வைத்து ஊசி போட்டுவிட்டாள். செல்லையாவோ அதற்கு நேர்மாறு. கங்கா, கங்கா, கங்கா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பெயர் கூப்பிடுகிற குரலில்.

விளையாட்டின் கடைசிக் கேள்விக்கு என்ன பதில்? செல்லையா. இந்த உலகத்தில் அந்தப் பதிலைச் சொல்லவே முடியாத ஒரே பிறவி, இதோ தட்டோடு நிற்கிறது. நடராஜாவாவது தப்பித் தவறி முடித்துவிடக்கூடும். இவள் முடிக்கவே முடியாது. செல்லையாவுக்கு நெத்திலி நாற்றம்கூட மல்லிகையாக மணந்தது.

அவருக்கு அதோடு சும்மா இருக்கத் தெரியவில்லை. லிம் எதிரில் கொஞ்சம் ஆட்டம் காட்டினார். என் மனைவி இதை முடித்துவிட்டால் இன்றைக்கே டிவியைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்று மலாயில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் அறிவித்தார்.

"டிவி மட்டுந்தானா?" என்றாள் கங்கா.

"வேற என்ன வேணும், கேளு."

"நீங்க எது எழுதினாலும் எங்கிட்டக் காட்டிட்டுத்தான் வெளிய குடுக்கணும்."

கம்ப்யூட்டரில் எழுதுவதைத்தான் சொல்கிறாள் என்று செல்லையா நினைத்தார். சரி என்று தலையாட்டினார். லிம் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பூனைச் சத்தம் நின்றது. மணி இரண்டு நாற்பத்தைந்து. செல்லையா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அறை இருண்டது. திரையில் ஒரு வீடு, மேலிருந்து பார்க்கிற மாதிரி, கட்டம் கட்டமாக. எல்லாம் கறுப்பு. ஆடுகிறவன் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அவனைச் சுற்றி டார்ச் வெளிச்சம் விழுகிற இரண்டு கட்டம் மட்டும் தெரியும். டிவிக்குள்ளிருந்து டொக், டொக், டொக் என்று இதயம் அடிக்கிற சத்தம். பேய் பக்கத்தில் வந்தால் டொக்டொக்டொக்டொக் என்று வேகமாகும். செல்லையா எந்தப் பொத்தானைத் தட்டினால் எந்தப் பக்கம் நகரும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றார்.

கங்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் ஒரு நெத்திலியை எடுத்தாள். தலையைக் கிள்ளினாள். வலது கை ஆள்காட்டி விரலால் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

புள்ளி நகர்ந்தது.

முதல் ஐந்து நிமிடம் செல்லையா சிரித்துக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிடம் சிரிப்பு பாதியில் நின்றது. கங்கா தேடவே இல்லை. புதிதாக வருகிறவன் சுவரில் முட்டுவான், மூலை மூலையாகத் தடவுவான். இவள் கூடத்துக்குள் நுழைந்தாள், வலது பக்கம் திரும்பினாள், சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். 'பேட்டரி கிடைத்தது' என்றது திரை.

கங்கா இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளினாள்.

செல்லையா கட்டியிருந்த கையை இறக்கினார். காரணம் இருந்தது. விளையாட்டில் சாமான் ஒளிக்க இடம் வேண்டுமே என்று அவர் வெளியே எங்கும் போய் யோசிக்கவில்லை. இந்த வீட்டையே அப்படியே கட்டம் போட்டு வரைந்துவிட்டார். ஒளிக்கிற இடங்களும் அவர் ஒளிக்கிற இடங்கள்தான். கூடத்துக் கடிகாரத்துக்குப் பின்னால்தான் அவருடைய சிகரெட் பாக்கெட் இருந்தது. அவர் சிகரெட்டை விட்டு ஏழு வருஷம் ஆகிவிட்டதாக கங்காவிடம் சத்தியம் செய்திருந்தார்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டார். கடிகாரம் எல்லோருக்கும் தோன்றக்கூடிய இடம்தானே.

டொக்டொக் வேகமானது. பேய் வருகிறது. திரையின் மேல்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு உருவம் இறங்கி வந்தது. லிம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கங்கா நகரவில்லை. பேய் இரண்டு கட்டம் தள்ளி வந்து, நின்று, அப்படியே திரும்பி அடுப்படிப் பக்கம் போயிற்று. போன பிறகு கங்கா நிதானமாக எதிர்ப்பக்கம் நடந்தாள். இன்னொருமுறை வந்தது. கிணற்றடிக்குப் போகும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. முன்கூட்டியே கோழிக்கூட்டு ஓரம் ஒதுங்கிவிட்டாள். பேய் கோழிக்கூட்டுக்கு வருவதற்குள் குளியலறைக்குப் போய்விட்டாள்.

குளியலறைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற சந்து உண்டு. திரையிலும் உண்டு. வீட்டிலும் உண்டு. வீட்டுச் சந்தில் ஒரு சின்ன பிராந்தி போத்தல் படுத்திருந்தது, இருமலுக்கு. திரையில் புள்ளி நேராக அங்கே போயிற்று. 'பேட்டரி கிடைத்தது.'

ஒரு தலை. கிள்ளு. தட்டில் போடு.

செல்லையாவுக்கு இப்போது இரண்டு இதயம் அடித்தது. ஒன்று டிவிக்குள், ஒன்று சட்டைக்குள். சட்டைக்குள் இருந்தது வேகமாக அடித்தது. ஏனென்றால் மூன்றாவது ஒன்று பாக்கி இருந்தது. சாவி. சாவி இருந்த இடம் பழைய ரேடியோப் பெட்டிக்குள். கூடத்து அலமாரியில், அவருக்குத் தெரிந்து நாலு வருஷமாகப் பாடாமல் கிடக்கிற ரேடியோ. அதன் முதுகு மூடியைத் திறந்தால் பேட்டரி போடுகிற பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான், நாலாக மடித்து, துரைக்கு எழுதிய கடிதத்தை அவர் வைத்திருந்தார்.

லிம்முக்காக அவள் தோற்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்தார். இப்போது வேறு வேண்டுதல். தேடட்டும். கொஞ்சமாவது தேடட்டும். அரிசிப் பானையைத் திறக்கட்டும், பெட்டியைக் கிளறட்டும், கட்டிலுக்கு அடியில் பார்க்கட்டும். தேடினால், தெரியாது என்று அர்த்தம்.

கங்கா தேடவில்லை. ரேடியோவுக்குப் போனாள்.

'சாவி கிடைத்தது.'

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்து அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செல்லையாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு நெத்திலியை எடுத்தாள். அதன் தலை போன விதத்தைப் பார்த்து செல்லையா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

மணி மூன்று நாற்பது.

இனி கேட்டுக்குப் போக வேண்டியதுதான். முன்னறையைத் தாண்டினால் வாசல். கங்கா போகிற போக்கில் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டாள். ஆனால் முன்னறை ஜன்னலோரம் பேய் நின்றது. மற்ற இடங்களில் நின்ற மாதிரி வந்து போகிற நிற்பு இல்லை. அசையாத நிற்பு. டொக்டொக்டொக்டொக். டார்ச் வெளிச்சம் ஒரு கட்டமாகச் சுருங்கிவிட்டது. இங்கேதான் எல்லோரும் பதறி ஓடி அகப்படுவார்கள் என்று செல்லையா அமைத்து வைத்திருந்தார். லிம் மூச்சு விடவில்லை.

கங்கா விரலை எடுத்துவிட்டாள். இரண்டு கையாலும் கருவாடு ஆய ஆரம்பித்தாள்.

பத்து நிமிடம் போனது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. லிம் பொறுக்க மாட்டாமல், ஏன் போகவில்லை, கரண்டு போய்விடுமே என்று கிசுகிசுத்தார். கங்கா அவருக்கு மலாயில் மெதுவாகப் பதில் சொன்னாள். அது இப்போது அங்கேயே நிற்கும். தெருவில் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு நிற்கும். புருஷன் வரவில்லை என்று தெரிந்த பிறகு சோற்றில் தண்ணீர் ஊற்றப் போகும். அப்போது போகலாம்.

சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் பேய் ஜன்னலை விட்டுத் திரும்பி அடுப்படிக்குப் போயிற்று.

அதை எழுதியது செல்லையாதான். கிளப்பில் சீட்டாடிவிட்டு வருகிற நாளிலெல்லாம் ஜன்னலில் அப்படி ஒரு நிழல் நிற்பதைப் பார்த்திருக்கிறார். பயமாக இருக்கும். பயமாக இருந்ததால் பேய்க்கு வைத்தார். அது எதற்காக நின்றது என்று அவர் அன்றுவரை யோசித்ததில்லை.

புள்ளி வாசலுக்கு வந்தது. சாவி திரும்பியது. பேய் எதிரில் வந்து நின்றது. திரை முழுக்க வெள்ளையாயிற்று. நான் யாருக்காகக் காத்திருக்கிறேன்? பெயரைச் சொல். மூலையில் அறுபது என்ற எண் தோன்றிக் குறைய ஆரம்பித்தது.

மணி மூன்று ஐம்பத்தொன்பது.

செல்லையாவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. இதோ, இந்த இடம். இங்கே நின்றுதான் ஆக வேண்டும். ஐம்பது. கங்கா தட்டைத் தரையில் இறக்கி வைத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்தாள். நாற்பத்திரண்டு. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லிம் அவள் வாயைப் பார்த்தார். செல்லையாவும் அவள் வாயைப் பார்த்தார். வாய் பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருந்தது.

விரல் மட்டும் நகர்ந்தது.

முதல் எழுத்து. தேடி இரண்டாவது எழுத்து. முப்பது. மூன்றாவது. ஒரே பொத்தானை இரண்டு தரம். இருபத்தொன்று. எல்லாம் சரியான எழுத்து. கரண்டு போகட்டும், இஞ்சினே வெடிக்கட்டும் என்று செல்லையா உள்ளுக்குள் ஏழு சாமியைக் கூப்பிட்டார். பதினொன்று. ஏழு. கடைசி எழுத்தைத் தட்டிவிட்டு கங்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

திரையில் மஞ்சளாக ஒரு கோடு. அது விரிந்தது. 'விடிந்தது. நீ பிழைத்தாய்.'

உடனே இஞ்சின் நின்றது. அறை இருண்டது. வெளியே கோழி ஒன்று கொக்கரித்தது.

"நீ... நீ எம்பேரு..." என்றார் செல்லையா.

"வாயால சொல்லக்கூடாதுன்னுதாங்க அம்மா சொன்னாங்க. விரலப் பத்தி ஒண்ணும் சொல்லல."

லிம் ஜன்னல் திரையை விலக்கினார். வெளிச்சத்தில் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. தாக்குட் வரவே இல்லையா, கொஞ்சம்கூடப் பயம் இல்லையா என்று கேட்டார். பேய் எங்கே வரும் என்று எப்படித் தெரிந்தது என்றும் கேட்டார். கங்கா கொஞ்சம் வெட்கப்பட்டாள். செல்லையா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"அடுப்படி, கெணத்தடி, கோழிக்கூடு, ஜன்னல். நாம்போற எடந்தான அதுவும் போவுது. பதினெட்டு மாசமா எழுதுறீங்க. அந்தப் பேய்ப் புள்ளைய ஒரு தரமாவது உக்கார வெச்சீங்களா?"

செல்லையா மலாயில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. லிம் நோட்டை மூடினார். பேய் நல்ல பேய்தான், ஆனால் அதற்கு மூளை இல்லை என்றார். மூளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று கங்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பேய் இந்த அம்மா மாதிரி யோசிக்கட்டும், அப்புறம் என்னைக் கூப்பிடு. காரில் ஏறும்போது ஒரு பொட்டலம் நெத்திலியும் வாங்கிக்கொண்டார்.

கார் மறைந்ததும் செல்லையா கூடத்துக்கு ஓடி ரேடியோவின் முதுகைத் திறந்தார். பள்ளத்தில் கடிதம் இல்லை. புத்தம் புதிய பேட்டரிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"அது பாட ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு," என்றாள் கங்கா பின்னாலிருந்து. "டிவிய நீங்க எடுத்துக்கிட்டீங்க. எனக்கு என்னதான் தொணை? நடராஜாண்ணன் கோல சிலாங்கூருக்குக் கொண்டுபோயி ரிப்பேர் பண்ணியாந்தாரு. தொறந்தப்ப ஒரு தாளு இருந்துச்சு."

தட்டிலிருந்த நெத்திலிக்கு அடியிலிருந்து அவள் அதை எடுத்தாள். நாலு மடிப்பும் கலையவில்லை. கொஞ்சம் கருவாட்டு வாசம் ஏறியிருந்தது. அப்போதுதான் செல்லையாவுக்கு நடராஜாவின் ஞாபகம் வந்தது. சபாக்கில் யார் இருக்கிறார்கள்? கங்காவின் தங்கை இருக்கிறாள். கேட்க வேண்டியதைக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

"எழுதறத எல்லாம் காட்டிட்டுத்தான் குடுப்பேன்னு கடைக்காரத் தவுக்கே எதிர்ல ஒத்துக்கிட்டீங்க. இப்பப் பாத்தாச்சு. இதுல தேதி போடல."

"போடல," என்று ஒப்புக்கொண்டார்.

"வெளையாட்டு வரட்டும். வந்ததும் நானே தேதி போட்டு துரைகிட்டக் குடுத்துட்டு வர்றேன். எப்ப வருதுங்க?"

செல்லையா தரையைப் பார்த்தார். "விரைவில்," என்றார்.

அன்று சாயங்காலமே டிவி கூடத்துக்கு வந்தது. கம்ப்யூட்டரும் அதன் பின்னாலேயே வந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கங்கா கீரை ஆய்ந்துகொண்டே சொல்லுவாள், செல்லையா தட்டுவார். பேய் இப்போது கடிகாரத்துக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தது. கூரைச் சந்தில் துழாவியது. ரேடியோவைத் திறந்தது. நடுராத்திரியில் கூடத்துக்கு நடுவில் வந்து சும்மா உட்கார்ந்தது. இதில் என்ன பயம் என்று செல்லையா கேட்டதற்கு, உட்கார்ந்திருக்கும்போது அது யோசிக்கிறது என்றாள் கங்கா. யோசித்துப் பார்த்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. சிகரெட்டையும் போத்தலையும் தாமாகவே கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டார்.

ஐந்தாவது மாதம் லிம் மறுபடி வந்தார். இந்தத் தடவை நடராஜா சபாக்குக்குப் போகவில்லை. உட்கார்ந்த பதினோராவது நிமிடம், பேய் கூடத்தில் உட்கார்ந்ததும், இவர் எழுந்தார். கதவு தூரம் என்று ஜன்னல் வழியாகப் போனார். ஒரு செருப்பு இன்னும் முருங்கையில் தொங்குகிறது. பாகுஸ், பாகுஸ், பிரமாதம் என்று லிம் தொடையில் தட்டிக்கொண்டார். கேசட் அட்டை அச்சடிக்க வேண்டும் என்று பேனாவைத் திறந்தார். விளையாட்டுக்குச் செல்லையா பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"இந்தப் பேயச் செஞ்சது யாரு? பேரு சொல்லு லா," என்றார் மலாயில்.

செல்லையா வாயைத் திறந்தார். கதவோரம் கங்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் தட்டோடு, பதில் வரும்வரை நிற்கிற நிற்பு.

வாயை மூடிக்கொண்டு, விரலால் காட்டினார்.